இடக்கையால் போட்ட கையெழுத்து

என் பெயர் நோரீன் ஆஸ்ட்ராண்டர், வயது 51. வாஷிங்டன் நகரம் லேமன்ட் தெருவில் கணவருடன் வசிக்கிறேன். அதிபர் வாரன் டாலிவரின் சட்ட ஆலோசகராக இருக்கிறேன். அதிபர் நோயுற்ற அன்று அவர் பெயரில் வேறு யாராவது உத்தரவு பிறப்பித்தார்களா என்று விசாரணைக் குழு அதிகாரி கேட்டதன்பேரில் இதைச் சொல்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதிபர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவர் கையிலிருந்த கரண்டி விழுந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மருத்துவர் வந்து பார்த்து, பக்கவாதம், உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு சரியாக வாரக்கணக்கில் ஆகும் என்றார். அதன்பின் தலைமை ஆலோசகர் லைல் ஹச்சின்ஸ் என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அவர் கல்லூரி நாளிலிருந்து அதிபரின் நண்பர்.

"காய்ச்சல்னு சொல்லிடுவோம். அவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். உத்தரவெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

அப்போது வளைகுடாவில் நம் போர்க்கப்பல்கள் அதிபரின் உத்தரவுக்காகக் காத்திருந்தன.

"மனசு தெரிஞ்சா போதாது லைல். ஓட்டு வாங்கினது அவரு."

"அவனைப் பதவியிலேருந்து இறக்கப் பாக்கறீங்க" என்றார். அதிபரைத் தாங்கிப் பிடித்ததில் அவர் கோட்டில் முட்டைக்கறை இருந்தது.

அதன்பின் இருவரும் அதிபரிடம் போனோம். துணை அதிபரிடம் பொறுப்பை எழுதிக் கொடுக்கலாம், குணமானதும் அதே மாதிரி எழுதித் திரும்பப் பெறலாம் என்று லைலை வைத்துக்கொண்டே சொன்னேன். லைலும் தன் எண்ணத்தை மறைக்காமல் சொன்னார். அதிபர் கேட்டுவிட்டு, குழறிக்குழறி, "லைல்... நீ எப்படா தேர்தல்ல நின்ன?" என்றார். லைல் சிரித்தார். பிறகு சற்று நேரம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

வலக்கை அசையாததால், நான் எழுதித் தந்த தாளில் கையெழுத்துப் போட அதிபர் இடக்கையில் பேனாவை வாங்கினார். தாள் நழுவியது. லைல்தான் குனிந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கப்பல்கள் பற்றிய முடிவைத் துணை அதிபர் கெயில் மார்க்கெட்டி அன்று மதியம் எடுத்தார். இடைப்பட்ட நேரத்தில் வேறு எவரும் எந்த உத்தரவும் பிறப்பிக்கவில்லை. மாலையில் நாட்டுக்கு உண்மை சொல்லப்பட்டது. லைல் பயந்ததுபோல் எதுவும் கவிழவில்லை. மக்கள் வந்து அதிபர் மாளிகையின் கம்பி வேலியில் பூக்களைச் செருகிவிட்டுப் போனார்கள்.

மே மாதம் அதிபர் பொறுப்பைத் திரும்ப ஏற்றார். முதல் கூட்டத்தில் என்னை "நோரா" என்று கூப்பிட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தோம். லைல் மட்டும், "நோரீன்டா" என்றார்.

"நோரீன்" என்று திருத்திக்கொண்ட அதிபர் எங்களைச் சுற்றிப் பார்த்து, "மத்தவங்க ஏன் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டார்.

இதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் கண்டதும் கேட்டதும் இதுவே, கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

(ஒப்பம்) நோரீன் ஆஸ்ட்ராண்டர்