பன்னிரண்டாம் பாடம்

நீல மையைவிடச் சிவப்பு மை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சரியாக எழுதுகிறவர்களுக்கு ஒரு கோடு போதும், தப்பாக எழுதுகிறவர்களுக்குத்தான் மை செலவாகும்.

அமராவதி மேடம், நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கும் ஞானசேகரன் சாரிடம் சிவப்புப் பேனாவே கிடையாது. அந்த ஐந்து விடைத்தாள்களின் அடியில் இருக்கிற கையெழுத்து மட்டும்தான் அவருடையது. மார்க் எழுதும் குறிப்புச் சீட்டுகளில் முன்கூட்டியே மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு ஒரு கட்டாகக் கொடுத்துவிடுவார். திருத்துவது, மார்க் போடுவது, சீட்டை ஒட்டித் தபாலில் சேர்ப்பது எல்லாம் நான். என் பெயர் தமிழ்ச்செல்வி. கடலூர் முதுநகர். வாயால் சொன்னால் எனக்குப் பாதியில் நின்றுவிடும், அதனால் நோட்டில் எழுதிக் கொண்டுவருகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் புத்தகத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. சிரித்தார்கள். மறுநாள் நான் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை, அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் தையல் மிஷினுக்கு அடியில் நோட்டுகளை ஒளித்து வைத்து, காதில் விழுகிற இங்கிலீஷையெல்லாம் எழுதினேன். பஸ்ஸில், செல்போன் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே கேட்டாலும் எழுதுவேன். நம் பக்கத்தில் எல்லாரும் 'ஆல்ரெடி ஐ ஹேவ் ஈட்டன்' என்றுதான் சொல்வார்கள். ஆல்ரெடி முதலிலேயே வந்து நின்றுவிடும். அதற்கு உரிய இடம் ஹேவுக்கும் ஈட்டனுக்கும் நடுவில். ஜஸ்ட், நெவர் இதெல்லாமும் அங்கேதான் உட்கார வேண்டும். டிவிஎஸ் வண்டியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு பிள்ளை உட்கார்ந்து போகுமே, அந்த இடம். வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பிள்ளையின் கால் மட்டும்தான் தெரியும். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

சிதம்பரம் கீழவீதியில் மாடியில் நடந்த சாருடைய தபால் வழி இங்கிலீஷ் பயிற்சிக்குக் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் போனேன். ஒருநாள் மேசைமேல் கிடந்த விடைத்தாளில் பென்சிலால் இரண்டு தப்பைத் திருத்தி வைத்தேன். சார் அதைப் பார்த்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு கட்டுத் தாளும் சிவப்புப் பேனாவும் கொடுத்தார். "வெளிய சொல்லிக்காத தமிழு. ஒம்பதாவது படிச்ச பொண்ணு திருத்துதுன்னு தெரிஞ்சா ஒரு பய சேரமாட்டான்," என்றார். நான் வெளியே எதைச் சொன்னேன், இதைச் சொல்ல? சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்க் கட்டை வாங்கி வருவேன்.

பன்னிரண்டாம் பாடம்தான் இந்தச் சின்னச் சொற்களின் பாடம். இன்று உங்கள் வீட்டில் நடந்து முடிந்தவற்றைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுத வேண்டும். எட்டுக்குக் கீழே வாங்கினால் அதே பாடத்தைப் புதிதாகப் பத்து வாக்கியம் எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். சார் வைத்த விதி அது. எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். அப்பா ஏற்கெனவே பேப்பர் படித்துவிட்டார், தம்பி இப்போதுதான் குளித்தான். எனக்குக் கொட்டாவி வரும்.

பிரிசில்லாவின் பன்னிரண்டாம் பாடத் தாள் 2008 ஜூனில் வந்தது. மங்கலம்பேட்டை விலாசம். கல்யாணமாகி ஒரு வருஷம். இங்கிலீஷ் தெரிந்தால் தனியார் பள்ளியில் வேலை கிடைக்கும் என்று அவள் வீட்டுக்காரரே பணம் கட்டிச் சேர்த்துவிட்டிருந்தார். அவள் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். மாமியார் அரிசிப் பானையை ஏற்கெனவே பூட்டிவிட்டார். நான் நேற்றிலிருந்து இன்னும் சாப்பிடவில்லை. என் கணவர் இப்போதுதான் என் செல்போனை உடைத்தார். நாலு இடத்தில் ஆல்ரெடி முன்னால் வந்திருந்தது. ஆறு மார்க். அது நியாயமான ஆறு.

அந்தத் தாளை என் நோட்டில் முழுக்க எழுதிவைத்தேன். அன்று என்னால் உட்கார முடியவில்லை. தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு வீட்டுக்குள் நடப்பதை வெளியில் யாருக்கும் தெரியாமல் ஒருத்தி எனக்கு மட்டும் சொல்கிறாள் என்பது அதுவரை எனக்கு நடக்காத விஷயம். சனிக்கிழமை எப்போது வரும் என்றிருந்தது.

இரண்டாவது தாளில் ஒன்பது சரி. அவள் வேகமாகக் கற்றுக்கொள்கிறவள். ஒன்பது போட்டால் பதின்மூன்றாம் பாடத்துக்குப் போய்விடுவாள். பதின்மூன்று கடையில் சாமான் வாங்குவது பற்றியது. வீட்டைப் பற்றி அதில் எழுத இடமில்லை. நான் ஏழு போட்டேன்.

மூன்றாவதில் ஒன்பது சரி, ஏழு போட்டேன். நான்காவதிலும் அப்படித்தான். கம்மலைக் கழற்றியாயிற்று, மாடி அறைக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டாயிற்று, கணவர் இதுவரை ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. அவளுக்கு வரும் போகும் தபாலை வீட்டுக்காரர் பிரித்துத்தான் பார்ப்பாராம், அதையும் ஒரு வாக்கியமாக எழுதியிருந்தாள். பத்து நம்பர் போட்ட இங்கிலீஷ் வரிகளில் இருப்பது அவருக்கு எங்கே புரியும். பெண்டாட்டி நன்றாகப் படிக்கிறாள் என்று நினைத்து அவரே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டிருக்கிறார்.

சார் ஒருநாள் பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "இந்த மங்கலம்பேட்டைப் பொண்ணு என்னாம்மா, எரும தண்ணியில ஒக்காந்த மாரி பன்னெண்டுலயே ஒக்காந்திருக்கு?"

"ஆல்ரெடிய முன்னாடி போடுறாங்க சார்."

"ஊரே அப்புடித்தான் போடுது. பாஸ் போட்டு வுட்டுடு."

சரி என்று தலையாட்டினேன். தாளை அவர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவர் பதறிப்போய் யாருக்காவது சொல்லியிருப்பார். அவர் நல்ல மனுஷன். அதனால்தான் காட்டவில்லை.

ஐந்தாவது தாள் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வந்தது. பத்தும் சரி. ஒவ்வொரு சின்னச் சொல்லும் நடுவில், அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. எட்டாவது வாக்கியம், அவர்கள் மண்ணெண்ணெய் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டார்கள். ஒன்பதாவது, என் அம்மாவிடம் நான் இதுவரை எதுவும் சொன்னதில்லை. பத்தாவது, சார், அம்மாவின் விலாசத்தை இப்போதுதான் பின்பக்கம் பாடக் குறிப்பு மாதிரி எழுதியிருக்கிறேன்.

திருப்பிப் பார்த்தேன். சவரியம்மாள், இடியாப்பக் கடை, கடலூர் முதுநகர். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு.

சில பேர் பயிற்சித் தாளில் கற்பனையாகவும் எழுதுவார்கள், அப்படித்தான் நினைத்தேன் என்று நான் சொல்லலாம். நீங்களும் நம்பலாம். ஆனால் அப்படி நினைக்கவில்லை. படித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிறு காலை அந்தக் கடைக்குப் போனேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமையும் போனேன். செவ்வாய்க்கிழமை கூட்டமில்லை. சவரியம்மாள் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னாடி பாப்பா, தெனம் வந்து நிக்கிற, ஒண்ணும் வாங்க மாட்டங்கிற. யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

நான் தெருவின் பெயரைச் சொன்னேன்.

"எம்பொண்ணும் ஒன்ன மாரிதான். வாயில கொழுக்கட்ட வச்ச மாரி நிப்பா. மங்கலம்பேட்டையில குடுத்திருக்குது. தபால்லயே இங்கிலீசு படிக்க வைக்கிறாரு மாப்ள. அவுங்க நல்லாத்தான் வச்சிருக்காங்க."

அவர் கையில் மாவு ஒட்டியிருந்தது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். தாளைக் காட்ட வேண்டும். சார் பெயர் கெடும், கட்டு வருவது நிற்கும், என் நோட்டு வெளியே வரும். அன்று சாயங்காலமே அவர் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பிறகு அவள் எனக்கு எழுத வேண்டிய அவசியம் என்ன? இதையெல்லாம் நான் அங்கே நின்றபடியே யோசித்தேன். மெதுவாகத்தான் யோசித்தேன். நேரமில்லாமல் போனது என்று சொல்ல மாட்டேன்.

"நாலு இடியாப்பம்," என்றேன்.

தேங்காய்ப்பால் தாராளமாக ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஐந்தாவது தாளில் ஏழு போட்டேன். மறுபடியும் எழுதவும் என்று அடியில் எழுதினேன். தப்பே இல்லாத தாள் என்பதால் எதைச் சுழிப்பது என்று தெரியாமல் மூன்று இடத்தில் வெறுமனே கோடு இழுத்தேன். அந்த மூன்று கோடுகளைப் பற்றித்தான் நீங்கள் சாரிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவரால் எப்படிப் பதில் சொல்ல முடியும்.

அன்றே தபாலில் சேர்த்தேன். வியாழக்கிழமை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஸ்டவ் வெடித்துவிட்டது என்று அந்த வீட்டில் சொல்கிறார்கள்.

இதை எழுதும்போது நாலு தடவை எழுந்து வாசல்வரை போய் வந்துவிட்டேன். தபால்காரர் வருகிற நேரம் வந்தால் கால் தானாக எழுந்துகொள்கிறது. சாரை விட்டுவிடுங்கள், மேடம். அவர் படிக்கவே இல்லை. நான் ஒவ்வொரு வரியையும் படித்தேன், புரிந்துகொண்டேன், மறைத்தேன். அவளைப் பற்றிய நோட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். ஐம்பது வாக்கியம், வரிசையாக. வழக்கு முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் சவரியம்மாளிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் பிரிசில்லாவின் வாயை அடைத்தார்கள். எட்டோ ஒன்பதோ போட்டிருந்தால் பாடம் முடிந்துபோயிருக்கும். நாலு முறை ஏழு போட்டு, இன்னும் பத்து வரி எழுது என்று அவளிடம் கேட்டவள் நான் ஒருத்திதான்.