இரைச்சல் நீக்கிய படம்

எங்கள் வீட்டில் காய் நறுக்குவது நான்தான். அக்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஊராருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். வீட்டில் அவளுக்குக் கால் தரிக்காது.

எனக்குக் கண் மருத்துவமனையில் ஸ்கேன் பிரிவில் வேலை. விழித்திரைக்குள் ஒளியை அனுப்புவோம். திரும்பி வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு வந்தது என்று கணக்கிட்டால், விழித்திரை அடுக்கடுக்காகப் படத்தில் தெரியும். கூடவே புள்ளி புள்ளியாகத் தேவையற்ற கறைகளும் வரும்; அதை இரைச்சல் என்போம். அதை நீக்கும் கணினி நிரல் நான் எழுதியது. எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் என் தொழிலே.

அக்காவிடம் கார் பழக ஒருவர் வந்தார். மனைவியை இழந்தவர். லைசென்ஸ் வாங்கிய பிறகும் வந்துகொண்டிருந்தார். உங்களுக்கே சந்தேகம் வரும். அக்கா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். புதுச் செருப்பு வாங்கினாள். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் என்னிடமே மறைக்கிறாள் என்றால், அந்த ஆள் என்ன சொக்குப்பொடி போட்டிருப்பான்?

கடைசியில் அவளே சொன்னாள். "அவரோட ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்டா. உனக்கென்ன, நாப்பது வயசாச்சு, பொழச்சுப்ப."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நாளில், ரோட்டின் வெள்ளைக் கோடு நடுவில் நெளிகிறது என்றாள். நானே ஸ்கேன் எடுத்தேன். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து, படத்தில் கரும்பள்ளமாகத் தெரிந்தது. ஊசி போட்டால் பார்வை தங்கும். பார்வை தங்கினால் அவள் தங்க மாட்டாள். அக்கம்பக்கத்துக் கோடுகளின் சராசரியை எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பினேன். அதுவும் ஒருவகை இரைச்சல்தானே. பிறகு அடுத்த கண்ணிலும் வந்தது. அதையும் நிரப்பினேன்.

அக்காவைப் பார்த்த டாக்டரம்மா முதலில் என் படத்தை நம்பினார். பார்வை குறையக் குறையப் படம் மட்டும் பளிச்சென்று இருந்தது அவருக்கு உறுத்தியிருக்கிறது. "இந்த வயசுல இவ்வளவு அழகான விழித்திரையா?" என்று என் முகத்தையே பார்த்தார். என்னைக் கேட்காமல், கருவியில் பதிவாகியிருந்த மூல நிறமாலையை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி கணக்கிட வைத்தார். பள்ளம் வந்துவிட்டது. நான் நினைத்திருந்தால் அந்த மூலப் பதிவை அழித்திருக்கலாம். அளந்ததை அழிப்பது தொழில் தர்மம் அல்ல.

இப்போது அக்காவுக்கு ஓரங்கள் தெரியும். நேரே பார்ப்பதுதான் தெரியாது. காரை விற்றாகிவிட்டது. அந்த ஆள் வாசலில் வந்து நின்று, "இப்பவும் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்று கெஞ்சினார். "யாருக்கும் நான் பாரமா இருக்க மாட்டேன்" என்று அக்காதான் அனுப்பிவிட்டாள். என்னோடு இருப்பதை அவள் பாரமாக நினைக்கவில்லை, கவனியுங்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். உங்கள் விசாரணைக் குறிப்பில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு இனிக் கண் என்று இருப்பது நான் ஒருவன்தான். அதையும் பிடுங்கினால் பாவம் உங்களைத்தான் சேரும்.