எலுமிச்சை முதலில் போகும்

திருச்சானூர் தாயார் மேல் ஆணை சார், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கார்வேட்டிநகரம் டீக்கடையில் நான் அளந்த கதைகள் வேறு. என் எருமை திருமலைக்கு நடந்து போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். இது அப்படியல்ல.

வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். தம்பி கங்கையா குவைத்திலிருந்து லீவில் வந்தபோது ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்தான். என் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவினான்.

“மோந்து பாருண்ணா. இப்ப எலுமிச்சங்கா தோலை நசுக்கின மாதிரி வருதா? அது சீக்கிரம் ஓடிப்பூடும். அப்பறம் லாவெண்டர்னு ஒரு பூ. சாயந்திரத்துக்கு கட்டை வாசனை உன் தோல் வாசனையோட கலந்துக்கினு நிக்கும்.”

“வருதுடா” என்றேன். “துணில பூசினா?”

“துணிக்கு ஏது சூடு? எலுமிச்சை எலுமிச்சையாவே கெடக்கும். தோல்லதான் இந்த வேலையெல்லாம்.”

என் மனைவி ஸ்வர்ணலதாவும் கையை நீட்டினாள். “எனக்குக் கெடையாதா கொழுந்தனாரே? நான் அடுப்புப் பொகை வாசனையாவே சாவணுமா?”

மூவரும் சிரித்தோம்.

மே மாதம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. ஆண்கள் வேண்டிக்கொண்டு, புடவை கட்டிப் பெண் வேஷம் போடுவார்கள். கங்கையாவும் போட்டான், ஸ்வர்ணலதாவின் பச்சைப் புடவையில். மறுநாள் அதே புடவையை அவள் கட்டியிருந்தாள். பக்கத்தில் போனேன். எலுமிச்சை போயிருந்தது. லாவெண்டரும் போயிருந்தது. கட்டை வாசனை மட்டும் நின்றது.

“என்ன வாசனை?” என்றேன்.

“உன் தம்பி வேஷங்கட்டின பொடவை. சென்ட் வாசனை வராம சாம்பார் வாசனையா வரும்?”

துணியில் எலுமிச்சை போகாது என்று அவனே சொன்னானே. ஆக, அது அவள் தோலிலிருந்து வந்தது. நான் அவசரப்படுகிறவன் இல்லை. மத்தியானம் முழுக்க யோசித்தேன்.

போர்வெல் போட்ட பிறகு மாந்தோப்புக் கோடியில் பழைய கிணறு வறண்டு கிடந்தது. அடியில் ஊற்று தெரிகிறதா பார் என்றேன் கங்கையாவிடம். குனிந்தான். தள்ளினேன். “அண்ணா, கவுறு போடு” என்றான். ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் டிராக்டரில் மண் வருவதற்குள் நிறுத்திவிட்டான்.

ஸ்வர்ணலதாவை ஒன்றும் செய்யவில்லை. நான் நியாயமானவன். குவைத்துக்குப் போய்விட்டான் என்றேன். ஊரில் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. எஸ்டிடி பூத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள்தான் கேட்பாள்: “கொழுந்தனார் இன்னும் போன் பண்ணலையா?”

தூர்த்த இடத்தில் ஓர் எலுமிச்சை வைத்தேன். மரமானது. காலையில் எலுமிச்சை வாசம், வெயில் ஏறினால் லாவெண்டர், பொழுது சாய்ந்தால் கங்கையாவின் தோல். அவள் இலையைக் கசக்கி மோந்துவிட்டு, வெறும் எலுமிச்சைதான் என்பாள். வேறென்ன சொல்லுவாள்?

ரோட்டை அகலப்படுத்தத் தோண்டினார்கள், எலும்பு வந்தது. மரத்தையும் வெட்டியாயிற்று. வாசனை மட்டும் விடவில்லை. இதோ, உங்கள் ஸ்டேஷனிலும் இப்போது லாவெண்டர்.

அவ்வளவுதான். அடையாளத் தழும்பு கேட்டீர்கள். பின்மண்டையில் ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால், பாகாலாவில் ஓடும் ரயிலில் ஏறப்போய் விழுந்தது. அன்றிலிருந்து என் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாது; வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.