பரேடுக்காகச் சேர்த்து வைத்த கை

தலைமை ஏற்றுச் சிறப்பிக்கும் பெருமதிப்பிற்குரிய முருகையன் அவர்களே! சக்கர நாற்காலிகளில் வந்து சபையை நிறைத்திருக்கும் சான்றோர்களே! படுத்தவரைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்த தாய்மார்களே! லாஸ்பேட்டையின் இந்த மாலைப்பொழுதில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மகிழ்ச்சியான செய்தி கேட்க வந்திருந்தால் மன்னியுங்கள். என்னிடம் அது இல்லை.

என் எதிர்வீட்டுக்காரர் அந்துவான், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா. ஆண்டுதோறும் ஜூலை பதினான்காம் நாள், பிரெஞ்சுத் தேசிய நாள் பரேடில், கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தின் முன்னே, பதக்கம் மின்ன, நெஞ்சம் நிமிர, நெற்றியில் கை வைத்து நிற்பாரே, அந்தக் கையைப் பக்கவாதம் பறித்தது. விரல் மூடியது, மணிக்கட்டு மடங்கியது, முழங்கை மார்போடு முறுக்கிக்கொண்டது!

மருத்துவர் பொட்டுலினம் ஊசி போட்டார். ஏனம்மா சிரிக்கிறீர்கள்? ஆமாம், நடிகைகள் முகச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிறார்களே, அதே நஞ்சுதான்! இறுகிய தசையை அது இளக்கும். ஆனால் சில மாதங்களுக்குத்தான். அதற்குள் நாள்தோறும் கையை நீட்டிப் பழக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

கை இறங்கியது. விரல் விரிந்தது. வீடே அழுதது. பிறகு அந்த வீடு என்ன செய்தது தெரியுமா? "பரேடுக்கு இன்னும் நாள் கெடக்கு, இப்பவே ஆட்டி அசதியாக்கிடாதீங்க" என்று மனைவி ஜூஸ்தின் அந்தக் கையைத் தலையணைமேல் கிடத்தினார். பயிற்சி தர வந்தவருக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அன்பு ஐயா, அன்பு! அன்பு செய்த அநியாயத்துக்கு யார்மேல் வழக்குப் போடுவது?

ஜூலை வந்தது. பேண்டு முழங்கியது. எல்லாக் கைகளும் நெற்றிக்கு ஏறின. அந்துவானின் கை மார்பிலேயே பூட்டிக் கிடந்தது. மருந்தின் காலம் முடிந்துவிட்டது! இடக்கையையாவது தூக்கிவிட ஓடினார் ஜூஸ்தின்.

"வுடு ஜூஸ்தின்" என்றார் அவர். "கை இளகிக் கெடந்தப்ப, வூட்டு செவுத்தப் பாத்தாவது ஒரு வாட்டி வச்சிருப்பேனே சல்யூட்டு."

ஊசியை மறுபடி போடலாமே என்கிறீர்களா, பின்வரிசைத் தம்பி? மனம் வெறுத்தவர் அதற்குச் சம்மதிக்கவே ஆண்டுகள் ஆயின. போட்டோம். தசை இளகியது. அசையாமல் கிடந்து இறுகிய மூட்டு இளகவில்லை. இனி இளகாது என்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கை இளகிக் கிடக்கிறதா? நாளைக்கென்று வைக்காதீர்கள்! நல்ல நாளுக்கென்று வைக்காதீர்கள்! அலுத்துப்போய் அவர் திட்டினாலும் இன்றே எடுத்து நீட்டுங்கள்!

தயவுசெய்து கைதட்டாதீர்கள். அந்துவான் அதோ அந்தத் தூணருகேதான் இருக்கிறார். உங்களைப் பார்த்துக் கும்பிட முயல்கிறார், ஒரு கைதான் வருகிறது. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. அவருக்கும் சேர்த்து நானே இரு கை கூப்புகிறேன், வணக்கம்.