கடைசித் துண்டு

எங்கள் தீவில் சேவல் ஒன்றுதான், ஐயா. அது கூவினால் எதிர்த் தீவுக்கும் விடிந்துவிடும். அவ்வளவு பக்கம். அங்கேதான் ஃபோத்து இருந்தான்.

புயலில் அலை எந்த வீடு வரைக்கும் ஏறும் என்று படம் போட்டுக் காட்டும் கட்டற்ற மென்பொருள் ஒன்று உண்டு. யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். எங்கள் இணையத்தில் அதை இறக்கி முடிப்பதற்குள் அடுத்த பதிப்பு வந்துவிடும். அதனால் நான்தான் ஒவ்வொரு முறையும் தலைநகருக்குக் கப்பலேறிப் போய் முழுதாக எடுத்து வந்து டோரண்டில் போடுவேன். சுற்றியுள்ள தீவுகள், எங்களுக்குள் இருக்கும் கம்பியில்லா இணைப்பு வழியாக, என் கணினியிலிருந்து துண்டு துண்டாக எடுக்கும். எடுத்ததைத் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும்.

ஃபோத்துவிடம் சூரியத் தகடுகள் அதிகம், கணினியும் வேகம். எனவே பெரும்பகுதி அவனிடமிருந்தே எல்லோருக்கும் போனது. "ஃபோத்து குடுத்தது" என்றார்கள். கவா வேர்ச்சாறு குடிக்க எல்லோரும் உட்கார்ந்தால் முதல் சிரட்டை அவனுக்கு, நாலாவது எனக்கு. கசந்தது. கவா எப்போதும் கசக்கும்தான்.

மார்ச்சில் புதிய பதிப்பு கொண்டுவந்தேன். பழையது எதிர்த் தீவின் நிலத்தை இரண்டு ஆள் உயரம் கூட்டிக் காட்டும். புதியதில் அதைத் திருத்தியிருந்தார்கள். சனிக்கிழமை புயல் எச்சரிக்கை வந்தது. எல்லோரும் தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்றபோது என் கணினியின் இணைப்புக் கம்பியைப் பிடுங்கினேன். கடைசித் துண்டு என்னிடம் மட்டும்.

ஞாயிறு காலை ஃபோத்து ரேடியோவில் கூப்பிட்டான்.

"அண்ணே, பன்னிய முழுசா சுட்டுப் போட்டுட்டு வாலை மட்டும் ஒளிச்சு வச்சிருக்கீங்களே. அது இல்லாம திறக்கவே மாட்டேங்குது."

"ஞாயித்துக்கிழமைடா. வேலை செய்யக் கூடாது."

"யாரு, நீங்களா? போன வாரம் ஆராதனை நேரத்துல வலை பின்னிட்டு இருந்தீங்க."

"இந்த வாரம் திருந்திட்டேன்."

அவன் சிரித்தான். "சரிண்ணே. பழைய படத்துல சர்ச் வரைக்கும் தண்ணி ஏறாதுன்னு காட்டுது. எல்லாரையும் அங்க கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு அனுப்புங்க."

என் திரையில் புதிய படம் திறந்திருந்தது. அந்தத் தேவாலயம் நீலத்துக்குள் இருந்தது, கூரை மட்டும் வெளியே. ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லோரையும் குன்றுக்கு ஏற்றியிருப்பான். அப்புறம் சாகும்வரை முதல் சிரட்டை அவனுக்கே போயிருக்கும்.

"நல்லா ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

அன்றிரவு பதினேழு பேர் போனார்கள், ஃபோத்துவையும் சேர்த்து.

திங்களன்று கம்பியைச் செருகினேன். மற்றத் தீவுக்காரர்கள் கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு எனக்கு நன்றி எழுதினார்கள். என் பெயரைப் போட்டே எழுதினார்கள்.

கொடுக்காமல் கொன்றேன் என்றுதானே எழுதப் போகிறீர்கள்? எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை அவனுக்குக் கொடுத்தவன் நான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. இந்தத் தீவுகளில் வேறு யார் அவனுக்கு அவ்வளவு கொடுத்தார்கள்?