முதல் குடம் பிள்ளையாருக்கு வேண்டாம்

அவைக்கு அழகாகவும் நம் செம்பூர்க் காலனிக்குக் காவலாகவும் வீற்றிருக்கும் தலைவர் ஜகந்நாதன் மாமா அவர்களே, அந்தக் காவலரையே காவல் காக்கும் அவர் துணைவி சுப்புலக்ஷ்மி மாமி அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, சுண்டல் வருகிறதா என்று வாசலையே பார்க்கும் பிள்ளைகளே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் காலனிப் பிள்ளையாருக்கு வெள்ளிக் கவசம் செய்வதா என்று கைதூக்கி முடிவு செய்யக் கூடியிருக்கிறோம். கவசம் இருக்கட்டும், அந்தப் பணத்தில் குழாயை மாற்றுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். பதறாதீர்கள். நான் நாத்திகம் பேசவில்லை, பிள்ளையாருக்காகத்தான் பேசுகிறேன். பால் கணக்கு எழுதியே எழுத்துப் பழகியவள் நான். கணக்கு இடித்தால் எனக்குச் சாதம் இறங்காது. இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது.

விடியற்காலையில் குழாயில் முதலில் விழும் தண்ணீர் யாருக்கு? வாய் வைக்காத, வேறு கை படாத முதல் குடம் யாருக்கு? பிள்ளையாருக்கு. அபிஷேகம் ஆனபின் அந்தத் தீர்த்தம் யாருக்கு? பள்ளிக்கூடம் புறப்படும் நம் பிள்ளைகளுக்கு.

மூன்றாம் மாடி கோகிலவாணியின் மகள் சாருலதா, தினமும் தீர்த்தத்துக்கு முதல் ஆளாகக் கை நீட்டுகிறவள். குழந்தைக்கு ஓயாத வயிற்றுவலி, உடம்பில் ஒட்டாத சாப்பாடு, நேற்றுச் சொன்ன ஸ்லோகம் இன்று நினைவில் இல்லை. கண் பட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். டாக்டர் ரஞ்சனா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, காரீயம் என்றார். எந்தத் தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டார்.

"சுபே கா பஹலா பானி, டாக்டர். பகவான் கா தீர்த்" என்று, காலையில் விழும் முதல் தண்ணீர், சுவாமி தீர்த்தம் என்று, கோகிலா ஹிந்தியில் பெருமையாகச் சொன்னாள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

தண்ணீரைச் சோதித்தோம். வாசல் கேட்டு வரைக்கும் வருவது நல்ல தண்ணீர். உள்ளே, நம் கட்டடத்தின் பழைய காரீயக் குழாயில் இரவெல்லாம் படுத்துக் கிடந்து, காரீயத்தை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, காலையில் முதலில் இறங்குகிறதே, அதுதான் விஷம். கொட்டிவிட வேண்டியதைச் சுவாமிக்கு வைத்தோம். சுவாமிக்கு வைக்க வேண்டியதில் தரையைத் துடைத்தோம்.

மறுநாள் முதல் குடத்தைச் சாக்கடையில் கொட்டினேன். மாமி பார்த்துவிட்டார்.

"ஏண்டி, நன்னாயிருக்கா இது? சுவாமிக்கு மிச்சத்தையா வைப்பா?"

"மாமி, விஷம் குடிச்சுப் பழக்கம் அவர் அப்பாவுக்குத்தான். இவர் கொழுக்கட்டை சாப்பிடறவர்."

மாமி சிரிப்பை முந்தானையால் மூடுவதற்குள் மாமா வந்தார்.

"கொதிக்க வெச்சுக் குடிங்கோ. எல்லாம் போயிடும்."

"தண்ணிதான் போகும் மாமா, காரீயம் அப்படியே உட்கார்ந்திருக்கும்."

"நாப்பது வருஷமா நான் குடிக்கறேன். எனக்கென்ன ஆச்சு?"

அதற்குப் பதில் சொல்ல மாமி வாயைத் திறந்தார். நான்தான் தடுத்துவிட்டேன். யாரது அங்கே, இப்போது சொல்லச் சொல்வது? தலைவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாருலதா மருந்து சாப்பிடுகிறாள். இந்தக் குழாயிலேயே குடித்துக்கொண்டிருந்தால் மருந்தால் பயனில்லை என்கிறார் டாக்டர். பெரியோர்களே, வெளியே வெள்ளியும் உள்ளே காரீயமுமாக ஒரு பிள்ளையாரா நமக்கு? கவசம் யாருக்கு வேண்டும்? காக்கும் கடவுளுக்கா, காக்கப்பட வேண்டிய குழந்தைக்கா? அன்று ஆலகாலம் அப்பாவின் தொண்டையில் இறங்கியபோது அம்மா என்ன செய்தாள்? சபை கூட்டினாளா? ஆலோசித்துச் சொல்கிறேன் என்றாளா? கையை நீட்டினாள், கழுத்தைப் பிடித்தாள், நஞ்சை நிறுத்தினாள். தாய்மார்களே, அந்தக் கை உங்களுக்கும் உண்டு. குழாய்க்காக அதைத் தூக்குங்கள்.

ஆஹா, முதல் கை மாமியுடையது. பின்வரிசையும் எழுகிறது. தலைவரின் கை பாதியில் நிற்கிறது. தலையைச் சொறியவா, தூக்கவா என்று யோசிக்கிறது. மாமி திரும்பிப் பார்க்கிறார். முழுதாக உயர்ந்துவிட்டது.

கை தூக்கிய தாய்மார்களுக்கும், தூக்கவைக்கப்பட்ட தலைவருக்கும் என் நன்றி. குழாய் மாறும்வரை பிள்ளையாருக்கும் பிள்ளைகளுக்கும் வாசல் கேட்டுக் குழாயிலிருந்துதான் தண்ணீர். நாளைக் காலை அங்கிருந்து முதல் குடத்தைத் தலைவர் தூக்கி வருவார் என்ற மகிழ்ச்சியோடு, வணங்கி அமர்கிறேன்.