ஹோஸ்டிங்குக்குப் பூக் கேட்டது

“வெப்சைட்டை எந்த ஹோஸ்டிங்கில வெக்கறதுன்னு பம்பு கம்பெனி முதலாளி கோயில்ல பூக் கேட்டுட்டாருங்க.”

சரவணம்பட்டியில் பேருந்து ஏறி, என் முன் இருக்கையில் சாய்ந்த பெண் இதைச் சொன்னாள். கூட வந்த நடுவயதுக்காரர் சிரிக்கவில்லை. இருவர் கழுத்திலும் வெப்சைட் செய்துதரும் ஒரே கம்பெனியின் அட்டை.

“என்ன பூ வந்துச்சு அம்மணி?”

“வெள்ளைங்க. சாமி முன்னால வெச்ச ரெண்டு பொட்டலத்துல ஒண்ணை எடுத்தாரு. வெள்ளை வந்தா இப்ப இருக்கற எடத்துலயே இருக்கட்டும், செவப்பு வந்தா புது எடத்துக்கு மாத்திரலாம்னு வேண்டிக்கிட்டாரு.”

“நல்லதாப் போச்சு. இந்த வருசமே மூணு தடவை மாத்தியாச்சே.”

“ஆமாங்க. ஆராவது ஒருத்தரு அவருகிட்டப் புதுப் பேரு ஒண்ணைச் சொல்லிப்போடறாங்க. மாத்தினா படம் வராது, ஆர்டர் ஃபாரம் வேலை செய்யாது. மறுபடி மொதல்லருந்து நாந்தான் உக்காரோணும்.”

பேருந்து கணபதி ஸ்டாப்பைத் தாண்டியது. அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

“என்னையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாருங்க. பூவை வெச்சுப் பொட்டலம் மடிச்சது நாந்தான்.”

“அதுக்கென்ன?”

“ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுப்போட்டேன்.”

அவர் பதறித் திரும்பினார். “சாமி குத்தமாயிருமே அம்மணி!”

“ஆகட்டுமுங்க,” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “நாலாவது தடவை மாத்தறதுக்கு அது தேவலை.”